வாலிபர் நிலையமும் வஹீது பாயின் வலது கையும்

மாட்டுத் தரகர் அப்துல் வஹீதுக்குச் சொத்து என்று இருந்தவை ஐந்து விரல்கள். அதுவும் வலது கை விரல்கள். இடது கையில் இருந்த ஐந்தும் முதுகு சொறிய உதவினவேயன்றி, ஒரு கன்றுக்குட்டியைக்கூட விற்றுக் கொடுத்ததில்லை.

மதுரைச் சந்தையில் மாட்டு விலையை வாயால் பேசமாட்டார்கள். தரகர் கையையும் விற்கிறவன் கையையும் ஒரு துண்டால் மூடுவார்கள். உள்ளே எந்த விரலைப் பிடித்தான், எத்தனை விரலைப் பிடித்தான் என்பதுதான் விலை. சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் துண்டு அசைவது மட்டும் தெரியும். துண்டை எடுத்தபின் தரகர் வாயிலிருந்து வருவதே முடிவு. இருபத்திரண்டு வருஷமாக வஹீதின் விரல் கேட்டதை அவர் வாய் மாற்றிச் சொன்னதில்லை. அந்தப் பெயருக்காகவே தேனிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து அவர் முன்னால் துண்டை விரித்தார்கள்.

அந்தப் பெயர்தான் அவரைக் கமிட்டியில் கொண்டுபோய்த் தள்ளியது.

முப்பத்தாறாம் வருஷம் தைப்பொங்கல் மாடுபிடியில் மேற்கத்திக் கிராமத்து இளவட்டங்கள் கம்பு சுழற்றி ஒருவரையொருவர் மண்டையில் போட்டுக்கொண்டார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். ஆனால் அந்த வருஷம் ஜில்லாவுக்கு ஒரு புதுத் துரை வந்திருந்தார். இளைஞர்களின் ரத்தக் கொதிப்பைத் தணிக்க ஒரு நிலையம் கட்டவேண்டும், ஊரார் பாதி போட்டால் சர்க்கார் பாதி போடும் என்று அவர் உத்தரவு போட்டுவிட்டார். சர்க்கார் பாதி என்றதும் ஊரில் நல்லொழுக்கத்தின்மேல் பற்று பெருகிற்று. பதினொரு பெரிய மனிதர்கள் கூடி, 'மதுரை மேற்குப் பிராந்திய வாலிபர் நல்லொழுக்க நிலைய ஸ்தாபகக் கமிட்டி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைத்த அன்றைக்கே இரண்டு பேருக்கு உதடு கிழிந்தது.

தலைவர், ஆனரரி மாஜிஸ்திரேட் முத்திருளன். சமயநல்லூரில் ரோட்டோரம் அவருக்கு நாற்பது ஏக்கர் இருந்தது. உபதலைவர், ரைஸ் மில் சுருளி. அவருக்கு ஆனையூரில் முப்பத்தெட்டு. நிலையம் எங்கே வருகிறதோ அங்கே சர்க்கார் ரோடு வரும். ரோடு வந்தால் பொட்டல் நிலம் மனைக்கட்டாகும். இதை இருவரும் வெளியே சொல்லவில்லை. இருவர் வீட்டு மாடுகளுக்கும்கூட இது தெரியும்.

காரியதரிசி வேலைக்கு இவர் ஆளை அவர் ஒப்பவில்லை, அவர் ஆளை இவர் ஒப்பவில்லை.

"வஹீது பாய் போதும்," என்றார் சுருளி. "ரெண்டு பக்கமும் தரகு வாங்கி, ரெண்டு பக்கமும் அடி வாங்காத ஒரே ஆளு இந்த ஊர்ல அவருதான்."

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் அண்ணே, அம்புட்டுத்தான்," என்றார் வஹீது.

"கமிட்டிக்கும் அம்புட்டுத்தான் வேணும்."

வீட்டில் அவர் மனைவி ஹாஜரா இதைக் கேட்டுவிட்டுச் சோறு போடுவதைப் பாதியில் நிறுத்தினாள். "சித்திரைச் சந்தை வருது. வருசத்துச் சாப்பாடு அந்தப் பத்து நாள்ல. பெரிய மனுசங்க கூடுற எடத்துக்குக் கையைத் தூக்கிட்டுப் போறீங்களே."

"நல்லொழுக்கக் கமிட்டி ஹாஜரா."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

முதல் கூட்டம் சுருளியின் மில்லில், நெல் அம்பாரத்துக்கு முன்னால் நடந்தது. முத்திருளன் எழுந்து பேசினார்.

"இன்றைய வாலிபனுக்குப் பொறுமை என்பது கிடையாது. நான் அவன் வயசில் ஒருத்தனை அடித்தால், என்னத்துக்கு அடிக்கிறேன் என்பதை முதலில் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் அடிப்பேன். அடித்து முடித்ததும் அவன் வீட்டுக்கு நானே ஆள் விட்டுச் சொல்லி அனுப்புவேன். அந்தப் பண்பாடு இன்றைக்கு எங்கே போயிற்று?"

எல்லோரும் கை தட்டினார்கள். கை தட்டல் அடங்கி அவர் உட்காரப் போனபோது, மில்லில் இருந்த ஒரே சாய்வு நாற்காலியில் சுருளி உட்கார்ந்திருந்தார். என் மில், என் நாற்காலி என்பது சுருளியின் வாதம். தலைவர் என்ற முறையில் நாற்காலி பதவிக்குச் சொந்தம் என்பது முத்திருளனின் வாதம். முத்திருளன், தாம் சொன்னபடியே, காரணத்தை முதலில் சொல்லிவிட்டு அடித்தார்.

வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காளை என்ற வண்டிக்கார இளவட்டமும் அவன் கூட்டாளிகள் இருபது பேரும் உள்ளே ஓடிவந்து பெரியவர்களை விலக்கிவிட்டார்கள். காளைக்கு இருபத்திரண்டு வயசு. மூட்டை தூக்குகிற மாதிரி, ஆளுக்கு ஒரு கை என்று பெரியவர்களைத் தூக்கி ஓரமாக வைத்தான்.

"ஏன் பாய், எங்களுக்கு அடக்கம் சொல்லிக்குடுக்கிறவுக இவுகதானா?" என்று அவன் வஹீதிடம் கேட்டான்.

மில் கணக்குப்பிள்ளை மினிட் எழுதினார். வஹீது கையெழுத்துப் போட்டார். 'ஆசன விஷயமாக அபிப்பிராய பேதம் ஏற்பட்டு, மெம்பர் ஒருவரின் முன்பற்கள் இரண்டு ஏகமனதாக வெளியேறின. வாலிபர்கள் கூட்டத்தில் அத்துமீறிப் புகுந்து பெரியோர்களைத் தொட்டு இழுத்தார்கள். நிலையத்தின் அவசியம் இதனால் ருசுவாகிறது.'

அடுத்து அன்பளிப்பு வசூல். மெம்பர்களின் ஆட்கள் கம்பும் ரசீதுப் புத்தகமுமாகக் கடை கடையாகப் போனார்கள். அரை ரூபாய் கொடுத்த ஒரு கடலை வியாபாரியை அவர் கடைத் தராசுக் கொக்கியிலேயே தலைகீழாகத் தொங்கவிட்டு, உமக்கு இவ்வளவுதான் மதிப்பா என்று கேட்டார்கள். மேலும் நாலரை ரூபாய் மதிப்பு இருப்பதாக அவர் ஒப்புக்கொண்டார். ரசீதில் 'மனமுவந்து' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. கடைத்தெருவில் அடங்காத இளவட்டங்களைப்பற்றிய பயம் போய், அடக்கத்தைப் பற்றிய பயம் வந்துவிட்டது.

பங்குனி பிறந்ததும் சர்க்காரிலிருந்து கடிதம் வந்தது. இடத்தை உடனே முடிவு செய்யவேண்டும். மெம்பர்களிடம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தவேண்டும். ரகசியம் கெட்டால் மானியம் கிடையாது.

கமிட்டி திகைத்துப்போயிற்று. சீட்டில் எழுதிப் போடலாம் என்றால், ஐந்து பேருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஆறு பேரும் பெட்டியை யார் வீட்டில் வைப்பது என்று கேட்டார்கள்.

முத்திருளன் தொடையைத் தட்டினார். "ஏம்ப்பா, நாமெல்லாம் தலைமுறை தலைமுறையா ரகசியம் பேசுறவுகதானே. பாயிக்கிட்டத் துண்டு இருக்கு. சமயநல்லூருன்னா ஆள்காட்டி விரலு, ஆனையூருன்னா நடுவிரலு. எந்தச் சர்க்காரு பெட்டியில இம்புட்டு ரகசியம் இருக்கு?"

இதை மட்டும் சுருளியும் ஒப்புக்கொண்டார். இருவரும் வஹீதைப் பார்த்தார்கள். வஹீது தம் கையைப் பார்த்தார்.

தலைவர் முதலில் வந்தார். துண்டு விழுந்தது. முத்திருளன் ஆள்காட்டி விரலைக் குழந்தையைத் தடவுகிற மாதிரி தடவினார். பிறகு நடுவிரலுக்குப் போனார். அதைப் பிடித்து, பின்பக்கமாக, மெதுவாக, நிலையத்தின் எதிர்காலத்தைப்பற்றி வெளியே ஏதோ சொல்லிக்கொண்டே வளைத்தார். வஹீதின் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. காய்ந்த அகத்திக் குச்சி முறிகிற சத்தம். ஆனையூருக்கு இனி ஓட்டுப் போட விரலே இல்லை என்பது முத்திருளனின் கணிப்பு.

துண்டுக்கு வெளியே தரகர் முகம் மாறக்கூடாது என்பது தொழில் நியமம். மாறினால் விலை வெளியே தெரிந்துவிடும். வஹீதின் முகம் மாறவில்லை. வேர்வை மட்டும் மூக்கு நுனியில் வந்து நின்றது. தலைவருக்குப் பிறகு பத்துப் பேர். சுருளியும் அவர் பக்கத்து நாலு பேரும் முறிந்த விரலையே தேடிப் பிடித்து, தங்கள் கட்சியின் பலத்தைக் காட்டுவதற்காக ஆளுக்கொரு தரம் முறுக்கிவிட்டுப் போனார்கள். காசநோய்க்கார மெம்பர் ஒருவர் மட்டும் எந்த விரலையும் பிடிக்காமல் உள்ளங்கையில் ஒரு கால் ரூபாயை வைத்து அழுத்தினார். எந்தப் பக்கம் ஜெயிக்குமோ அந்தப் பக்கம் தன்னைச் சேர்த்துவிடும்படி அர்த்தம்.

"அஞ்சு, அஞ்சு, ஒண்ணு செல்லாது," என்றார் வஹீது. பிறகுதான் மயங்கி விழுந்தார்.

துண்டை எடுத்துப் பார்த்தார்கள். நடுவிரல் கத்திரிக்காய் மாதிரி வீங்கி, கத்திரிக்காய் நிறத்திலேயே இருந்தது.

"என் கட்சி விரலை ஒடிச்சுட்டான்," என்றார் சுருளி. நெல் அளக்கும் இரும்பு மரக்கால் அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மினிட்டில் தலைவரின் நெற்றியில் ஏழு தையல் என்று பதிவாகியிருக்கிறது.

எலும்பு வைத்தியர் மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். "சந்தைக்குள்ள கூடிரும் பாய். ஆனா இன்னொரு தரம் யாராச்சும் தொட்டா, அப்புறம் இது விரலு இல்லை, வெறும் முருங்கக்காய். பக்கத்து விரலையும் இழுத்துட்டுப் போயிரும்."

ஹாஜரா கட்டின்மேல் தைலம் ஊற்றினாள். "ராஜினாமாப் பண்ணிருங்க."

"கேட்டுட்டேன். ராஜினாமாவையும் ரகசிய ஓட்டுக்கு விடணுமாம்."

கமிட்டி இப்படி இடம் தேடிக்கொண்டிருந்தபோது, காளையும் அவன் கூட்டாளிகளும் ஒன்பது நாளில் ஒரு கொட்டகை போட்டுவிட்டார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் கண்மாய்ப் புறம்போக்கு. மண்ணைக் குழைத்து இடுப்பளவு சுவர், மேலே பனையோலை. தூக்கிப் பழக இரண்டு உருண்டைக் கல். வாசலில் சடுகுடுக் கோடு. சாயங்காலம் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து பத்திரிகை படித்துக் காட்டினார். பொங்கலுக்கு மண்டையை உடைத்துக்கொண்ட இரண்டு ஊர் இளவட்டங்களும் மத்தியான வெயிலுக்கு அங்கே ஒன்றாகப் படுத்துத் தூங்கினார்கள். யாரும் யாரையும் அடிக்கவில்லை.

கமிட்டிக்கு இது பேரிடியாக இருந்தது. உடனே மில்லில் கூட்டிய அவசரக் கூட்டத்தில் முத்திருளனும் சுருளியும் சரித்திரத்தில் முதல் தடவையாக ஒரே பெஞ்சியில் உட்கார்ந்தார்கள்.

"கமிட்டி இல்லாம நெலையம் கட்டுறது ராஜத்துரோகம்," என்றார் முத்திருளன்.

"அதைவிட மோசம்," என்றார் சுருளி. "நெலையம் வந்துருச்சுல்ல, அப்புறம் நெலையம் கட்ட எதுக்கு மானியம்னு அந்தத் துரை கேப்பான். பயலுக அடிச்சுக்கிட்டாத்தானய்யா நமக்குக் கமிட்டி. இப்படி ஒத்துமையாத் தூங்குனா நாம யாரைத் திருத்துறது?"

தீர்மானம் தயாராயிற்று: கொட்டகையைக் கொளுத்தலாமா, இருக்கட்டுமா. கொளுத்த ஆள்காட்டி விரல். இருக்கட்டும் என்றால் சுண்டுவிரல். மில் வாசலில் எட்டு ஆட்கள் மண்ணெண்ணெய் டின்களோடு, வேப்பமர நிழலில் வெற்றிலை போட்டுக்கொண்டு, முடிவுக்குக் காத்திருந்தார்கள்.

"இந்நேரம் பயலுக உள்ள தூங்குவாங்களே," என்றார் வஹீது.

"அதுக்குத்தான் மத்தியானக் கூட்டம்," என்றார் முத்திருளன். "முழிச்சிருந்தா ஓடிருவாங்க. ஒழுக்கம் மனசுல பதியாது." பிறகு குனிந்து, "பாய், மிச்சம் நாலு விரலு இருக்கு. பாத்துச் சொல்லு," என்றார்.

துண்டு விழுந்தது. தலைவர் ஆள்காட்டி விரலைப் பிடித்தார். சுருளி ஆள்காட்டி விரலைப் பிடித்தார். மூன்றாவது, நாலாவது, ஐந்தாவது ஆளும் அதையே பிடித்தார்கள். காசநோய்க்காரரும் இந்தத் தடவை காசு வைக்காமல் விரலைப் பிடித்தார். பதினொரு பேரும் ஒரே விரல். சுண்டுவிரலை ஒரு ஈகூடத் தொடவில்லை. கமிட்டி பிறந்ததிலிருந்து இப்படி ஓர் ஒற்றுமை இருந்ததில்லை.

வஹீது துண்டை உடனே எடுக்கவில்லை. வெளியே எட்டு டின்கள். அரை மைல் தூரத்தில் ஒரு பனையோலைக் கூரை. அதன்கீழ் இருபத்தைந்து பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். துண்டுக்குள்ளே தம் கை. கையோடு சந்தை, சந்தையோடு ஹாஜராவின் அடுப்பு. விரல் சொன்னதை வாய் மாற்றினால் பதினொரு பேரும் மிச்ச விரல்களைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஆட்களின் முகத்தைப் பார்த்து விலை சொன்ன மனிதர் அவர். பதினொரு முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். முத்திருளன் ஓரக்கண்ணால் சுருளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுருளி ஓரக்கண்ணால் முத்திருளனை. மற்ற ஒன்பது பேரும் இந்த இருவரையும், பிறகு தங்களுக்குள் ஒருவரையொருவரும். தான் பிடித்த விரல் எது என்பது அவனவனுக்குத் தெரியும். பக்கத்தில் இருப்பவன் பிடித்த விரல், துண்டுக்கும் அல்லாவுக்கும் வஹீதுக்கும் மட்டுமே தெரியும்.

யாருமே கொளுத்தச் சொல்லவில்லை என்றால் பதினொரு பேருக்கும் பொய் தெரிந்துவிடும். ஒருவர் மட்டும் சொன்னார் என்றால், அந்த ஒருவன் நான்தான் என்று முத்திருளனும் சுருளியும் ஒரே சமயத்தில் சொல்லி உண்மையைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு என்றால்தான் பேரம் படியும். தானும் இன்னொரு யோக்கியனும் என்று ஒவ்வொருவனும் நினைத்துக்கொள்வான். மற்ற ஒன்பது பேரும் துரோகிகள்.

வஹீது துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"கொளுத்த ரெண்டு. இருக்கட்டும்னு ஒம்பது."

பதினொரு பேரும் பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வஹீது பாய் மாற்றிச் சொல்லியிருப்பார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த எண்ணம் வருவதற்கு, பக்கத்தில் இருப்பவன் யோக்கியன் என்று முதலில் நம்பவேண்டும். அந்தப் பழக்கம் கமிட்டியில் யாருக்கும் இல்லை.

"சுருளி," என்றார் முத்திருளன், "ஒரே பெஞ்சியில உக்காந்து கழுத்தை அறுத்துட்டியே."

"நானா? நீ துரைகிட்ட நல்ல பேரு வாங்க என்னை மாட்டிவிட்டுட்டு—"

வாக்கியத்தின் மிச்சம் பெஞ்சிக் காலில் பட்டுத் தெறித்தது. முத்திருளன் பெஞ்சியையே தூக்கிவிட்டார். சுருளி மில் எந்திரத்தின் தோல் பட்டையை உருவி, இரும்புக் கொக்கி வெளியே வரும்படி சுழற்றினார். அது முதலில் தலைவரின் தாடையையும், திரும்பி வரும்போது சம்பந்தமில்லாத ஒருவரின் முழங்காலையும் பெயர்த்தது. காசநோய்க்காரர், இத்தனை நாள் இருமலுக்குள் ஒளித்து வைத்திருந்த பலத்தையெல்லாம் கூட்டி, பொருளாளரின் காதைக் கடித்துத் துப்பினார். சத்தம் கேட்டு எட்டு ஆட்களும் உள்ளே ஓடிவந்தார்கள். நாலு பேர் முத்திருளனின் ஆட்கள். நாலு பேர் சுருளியின் ஆட்கள். டின்களால் அடித்துக்கொண்டார்கள். டின் நசுங்கி மண்ணெண்ணெய் முழுக்க நெல் புழுதியில் ஓடிற்று. எதற்காக அது கொண்டுவரப்பட்டது என்பதே எவருக்கும் ஞாபகமில்லை. சுவரில் மாட்டியிருந்த நல்லொழுக்க விதிகளின்மேல் யாரோ ஒருவரின் பல் போய் ஒட்டிக்கொண்டது.

வஹீது நெல் அம்பாரத்தின் உச்சிக்கு ஏறி, வலது கையை முழங்கை வரை நெல்லுக்குள் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கீழே எலும்புகள் முறிகிற ஒவ்வொரு தடவையும் உள்ளே விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்துக்கொண்டார்.

கூச்சல் கண்மாய் வரை கேட்டு, காளையும் கூட்டாளிகளும் தூக்கக் கலக்கத்தோடு வந்து, விழுந்து கிடந்தவர்களைப் பொறுக்கி மாட்டு வண்டிகளில் ஏற்றினார்கள். காதையும் ஒரு தாமரை இலையில் மடித்துக் கொடுத்தனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் காரியதரிசி என்ற முறையில் வஹீது ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரே வார்டில் பதினொரு கட்டில். கமிட்டி பூரணமாக ஆஜராகியிருந்தது. ஒரு கட்டில் பாக்கியில்லாமல் அவரைக் கிட்டே கூப்பிட்டார்கள்.

"பாய், ஒனக்குத்தான் தெரியுமே," என்றார் முத்திருளன், தாடைக்கட்டுக்குள்ளிருந்து. "அந்த ஒம்பதுல நானும் ஒருத்தன். இந்தச் சுருளிப் பயதான் கொளுத்தணும்னான்."

அடுத்த கட்டிலில் சுருளி சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு கிசுகிசுத்தார். "பச்சப் புள்ளைகய்யா அதுக. நான் சுண்டுவிரலைத்தானே பிடிச்சேன். ஒனக்கு ஞாபகம் இருக்குல்ல?"

பதினொரு கட்டிலிலும் இதையே கேட்டார். காது போன பொருளாளர் மட்டும் சற்று உரக்கச் சொன்னார்.

"ஞாபகம் இருக்கு அண்ணே," என்று பதினொரு பேருக்கும் சொன்னார் வஹீது.

அவர் கிளம்பப் போகும்போது துரையின் குமாஸ்தா உள்ளே வந்தார். கண்மாய்க் கொட்டகையைத் துரை நேரில் பார்த்தாராம். மாவட்டத்திலேயே இப்படி ஒற்றுமையான இடத்தைக் கண்டதில்லையாம். மானியம் அந்தக் கொட்டகைக்கே ஓடு போடச் சாங்ஷன் ஆகிவிட்டது. நிலையத்தை உருவாக்கிய பெருமக்களின் பெயரை வாசலில் கல்லில் வெட்டவேண்டும். வரிசையை மட்டும் கமிட்டி எழுதிக் கொடுத்தால் போதும்.

பதினொரு கட்டிலும் ஒரே சமயத்தில் கிறீச்சிட்டன.

"தலைவர் பேரு மொதல்ல," என்றார் முத்திருளன்.

"அகர வரிசையில போடு," என்றார் சுருளி. "சு-வுக்கு அப்புறந்தான்யா மு." அவருடைய நல்ல கை கட்டிலுக்கு அடியில் மூத்திரச் சட்டியைத் தேடிற்று. "பாய், எங்க போற? துண்டை எடு. ரகசிய ஓட்டுக்கு விட்டுருவோம்."

வஹீது அதற்குள் வார்டு வாசலைத் தாண்டியிருந்தார். வலது கை சட்டைக்குள் நெஞ்சோடு சேர்ந்திருந்தது. மரத்தடியில் காளை வண்டியை நிறுத்திவிட்டு நின்றான். உள்ளே பீங்கான் உடைகிற சத்தமும், தொடர்ந்து மரம் உடைகிற சத்தமும், தொடர்ந்து நர்சம்மா கத்துகிற சத்தமும் கேட்டன.

"உள்ள என்ன பாய் சத்தம்?"

"கல்லுல பேரு வெட்டணுமாம். வரிசை எழுதுறாக மாப்ள."

காளை வண்டியில் ஏறிக் கயிற்றைப் பிடித்தான். "தெறப்பு விழாவுக்கு வருவாகளா?"

"எலும்பு கூடுனா வருவாக," என்றார் வஹீது. "வண்டியைச் சந்தைக்கு விடு."